பியாவில் தண்ணீர் ஓடட்டும்

மும்பை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,



கோட்டைப் பகுதியில் தலைமைத் தபால் நிலையத்துக்கு அருகே நிற்கும் கோத்தாரி பியாவ் என்னும் பொதுக் குடிநீர்த் தொட்டியையும் அதைப் போன்ற மற்றவற்றையும் பற்றித்தான் இந்த மடல். 1923-இல் தேவிதாஸ் பிரபுதாஸ் கோத்தாரி என்ற வணிகர் தம் மகள் லீலாவதியின் நினைவாக அதைக் கட்டினார். மகளுக்குச் சிலை வைக்கும் வசதி அவருக்கு இருந்திருக்கும். ஆனால் தெருவில் போகிறவர்களுக்குத் தாகம் தீர்க்கும் நீர்த்தொட்டியையே அவர் தேர்ந்தெடுத்தார். யாரோ ஒருவர் குனிந்து நீர் குடிக்கும்போதெல்லாம் அந்தப் புண்ணியம் மகளைச் சேரும் என்று நம்பியிருக்க வேண்டும்.

கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் ஊர்களிலிருந்து வந்த எங்களைப் போன்ற தமிழர்களுக்கு இந்தக் கொடையின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. மஸ்ஜித் பந்தர் பக்கம் 1876-இல் எழுந்த கேசவ்ஜி நாயக் பியாவும் அப்படி ஒரு கொடைதான். விஹார் ஏரியின் நீர் 1860-இல் குழாய் வழியே நகருக்குள் வந்தது. அதன்பின் குஜராத்தி, கச்சி, பார்சி வணிகர்கள் சந்தைகளிலும் டிராம் பாதைகளிலும் பியாவ்களைக் கட்டினார்கள். 1874-இல் இங்கே ஓடத் தொடங்கிய டிராம்களை முதலில் இழுத்தவை குதிரைகள். அதனால்தான் பல பியாவ்களில் மனிதர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு குழாயும், கீழே விலங்குகள் வாய்வைக்கத் தொட்டியும் இருக்கின்றன. வாயில்லா ஜீவனுக்கும் இடம் விட்டு ஒரு நகரம் கல் செதுக்கியிருக்கிறது. எனக்கு இந்த ஊர் மேல் இருக்கும் மரியாதையில் பாதி அந்தத் தொட்டிகளால் வந்தது.

சில ஆண்டுகளாகப் பியாவ்களைச் சீரமைத்து வருகிறீர்கள். ராணி பாக் பூங்காவில் சீரமைத்தவற்றைப் பார்த்தவர்கள் அந்த வேலையின் நேர்த்தியை மறுக்க மாட்டார்கள். அதற்கு மனமார நன்றி. ஆனால் நகரின் பல பியாவ்கள் இன்னும் வறண்டு கிடக்கின்றன. தொட்டிக்குள் குப்பை, கல்வெட்டின் மேல் சுவரொட்டி. கல்லைச் சுத்தம் செய்து விளக்கு போட்டுவிட்டால் மட்டும் ஒரு பியாவ் மீண்டுவிடாது. தண்ணீர் வராதவரை அதைக் கட்டியவரின் எண்ணம் நிறைவேறாமலே இருக்கும்.

சிக்கல் எங்கே என்பது உங்களுக்குத் தெரியும். கட்டடத்தைப் பார்ப்பது பாரம்பரியப் பிரிவு, குழாயைப் பார்ப்பது குடிநீர்ப் பொறியாளர்கள், தெருவைப் பார்ப்பது வார்டு அலுவலகம். திறப்பு விழா முடிந்தபின் குழாய் உடைந்தால் யாரைக் கேட்பது? மேலும் இந்நகரில் குடிநீர் நாள் முழுவதும் வருவதில்லை. ஆகவே பியாவுக்குச் சேமிப்புத் தொட்டி வேண்டும். தொட்டி இருந்தால் அதைக் கழுவ ஆள் வேண்டும். இவை பெரிய செலவுகள் அல்ல. நாட்டிலேயே பணக்கார மாநகராட்சி என்று பெயர் பெற்ற உங்களுக்கு நிச்சயமாக அல்ல.

மஸ்ஜித் பந்தரில் கைவண்டி இழுப்பவரையும் மூட்டை சுமப்பவரையும் ஏப்ரல் மாத மதியத்தில் ஒருமுறை வந்து பாருங்கள். உணவுப்பொட்டலம் கொண்டு செல்லும் இளைஞர்களும் அதே வெயிலில்தான் ஓடுகிறார்கள். விலை கொடுத்து ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினால் அன்றைய கூலியில் அது குறையும். 1876-இல் காசில்லாமல் கிடைத்ததை இன்று அவர்களுக்கு விலைக்கு விற்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒவ்வொரு பியாவுக்கும் பொறுப்பான ஓர் அதிகாரியை நியமியுங்கள். அவருடைய தொலைபேசி எண்ணையும் கடைசியாக நீரைப் பரிசோதித்த தேதியையும் மராத்தியிலும் இந்தியிலும் அங்கேயே எழுதி வையுங்கள். கீழ்த்தொட்டிகளை மூடிவிடாதீர்கள், நாய்களும் காகங்களும் இந்த ஊரில்தான் இருக்கின்றன. எந்தப் பியாவில் தண்ணீர் வருகிறது, எதில் வரவில்லை என்ற பட்டியலை மார்ச் மாதத்துக்குள் வெளியிடுங்கள். வராதவற்றில் முதல் இணைப்பை, சுமை தூக்குவோர் அதிகம் இருக்கும் இடத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
மாட்டுங்காவிலிருந்து, வரி செலுத்தும் ஒரு தமிழர்