காசும் களமும்: உலோகங்காட்டும் கருவியைச் சோதித்துப் பார்த்ததன் வழி எழும் சில கருத்துகள்

முன்னுரை

பழங்காசு ஆய்வில் ஈடுபடும் மாணவர் சிலர் அண்மைக் காலமாக ஒரு வினாவைத் தொடர்ந்து எழுப்புகின்றனர். ‘மெட்டல் டிடெக்டர்’ எனப் பலரும் வழங்கும் உலோகங்காட்டும் கருவி இன்று நடுத்தர விலையில் கிடைக்கிறது. அதனைத் தமிழ்த்துறையோ தொல்லியல் துறையோ வாங்கிக் களத்தில் பயன்படுத்தலாமா என்பதே அவ்வினா. பயன்படுத்தவே கூடாது என்பார் ஒருபுறம். பயன்படுத்தாமல் இருப்பதால்தான் காசுகள் வணிகர் கைக்குப் போகின்றன என்பார் மறுபுறம். இரு சாராரும் கருவியை இயக்கிப் பார்த்த பின்னர் பேசுவதாகத் தெரியவில்லை. ஆதலின் அத்தகைய கருவி ஒன்றை இரவல் பெற்றுச் சோதித்துப் பார்த்தேன். அச்சோதனை உணர்த்தியவற்றையும், அவற்றின்மேல் நான் கொண்ட கருத்தையும் இங்கு முன்வைக்கிறேன். கருவியின் பெயரும் அதனைச் செய்த நிறுவனத்தின் பெயரும் இவ்விவாதத்திற்கு வேண்டாதவை. கூறப்போகும் இயல்புகள் அவ்விலையில் கிடைக்கும் கருவிகளுக்குப் பெரும்பாலும் பொதுவானவை.

சிக்கலின் வேர்

சங்க காலக் காசுகள் பற்றிய நம் அறிவின் பெரும்பகுதி அகழாய்வுக் குழிகளிலிருந்து வந்ததன்று. கரூர் அமராவதி ஆற்று மணலிலும் பிற ஆற்றங்கரைகளிலும் மணல் சலிப்போர் கண்டெடுத்து, வணிகர் வழியாகச் சேகரிப்பாளரை அடைந்து, அவர்கள்வழி அச்சேறியவையே மிகுதி. இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றோர் அவற்றைத் தொகுத்து வெளியிடாதிருந்தால் ‘பெருவழுதி’ எனப் பெயர் பொறித்த பாண்டியர் காசும், ‘மாக்கோதை’ எனப் பெயரும் தலையுருவும் பொறித்த சேரர் வெள்ளிக்காசும் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். சேகரிப்பாளரின் இப்பங்களிப்பை மறுப்பது நன்றி மறத்தலாகும்.

எனினும் இழப்பு எங்கே நேர்ந்தது என்பதையும் கூறியாக வேண்டும். புறநானூற்று 245ஆம் பாடலைப் பாடியவர் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. காசில் உள்ள மாக்கோதையும் பாட்டின் மாக்கோதையும் ஒருவரா? பெருவழுதி என்னும் பெயர் தாங்கிய பாண்டியர் பலர் புறநானூற்றில் உளர்; காசுக்குரியவர் அவருள் எவர்? எழுத்தமைதி ஒரு கால எல்லையைத் தரும். ஆயினும் அவ்வெல்லை அகன்றது. அதனைச் சுருக்கவல்லது காசு கிடந்த மண்ணடுக்கும், அதனுடன் கிடந்த பானையோடும், கரியும், பிற காசுகளுமே. காசு மட்டும் கையில் இருக்க அவை அனைத்தும் இல்லாமற் போயின. சங்க இலக்கியக் காலக்கணிப்பில் ஈடுபடுவோர் அனைவரையும் இவ்விழப்புத் தொடுகிறது.

ஒன்றாகக் கிடந்தவற்றை ஒன்றாகவே எடுத்தால் விளையும் பயனுக்குப் புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் வெளிப்பட்ட உரோமானியப் பொற்காசுக் குவியல் சான்று. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட அக்காசுகள் சிதறாமல் ஆய்வுக்கு வந்தமையால், அவற்றுள் காலத்தால் பிந்தியவை வெஸ்பாசியன் காலத்தவை என்பதும், பெரும்பாலானவற்றின் தலையுருவின்மீது வெட்டுக் குறி இடப்பட்டிருந்தது என்பதும் தெரியவந்தன. அவற்றைத் தனித்தனியே ஐந்நூறு பேர் வைத்திருந்தால் இவ்விரு செய்திகளும் நமக்கு எட்டியிரா.

சோதனை முறை

தொல்லிடம் எதற்கும் அருகில் இல்லாத எங்கள் குடும்பப் புன்செய் நிலத்தில் இரு பாத்திகளைத் தெரிவு செய்தேன். ஒன்று செம்மண், மற்றொன்றில் ஆற்று மணல் நிரப்பினோம். புதைத்தவை அனைத்தும் என்னிடம் இருந்த பொருள்களே: ஆங்கிலேயர் காலக் காலணா, தம்பிடி, வெள்ளி அரை ரூபாய், சங்க காலச் சதுரக் காசின் அளவிற்குச் செப்புத் தகட்டில் வெட்டிய துண்டுகள், சிறு ஈய வில்லைகள். இவற்றுடன் ஆணி, சோடா மூடி, மாத்திரை அட்டை ஆகியவற்றையும் புதைத்தோம். சில குழிகளை வெறுமனே தோண்டி மூடினோம். எவ்விடத்தில் எது உள்ளது என்பதை அறியாத ஆய்வு மாணவர் ஒருவர் கருவியை இயக்கினார், நான் குறிப்பெடுத்தேன்.

இச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. நேற்றுப் புதைத்த காசும் ஈராயிரம் ஆண்டு மண்ணில் கிடந்து களிம்பேறிய காசும் ஒன்றல்ல. சுற்றியுள்ள மண்ணின் இறுக்கமும் வேறு. ஆதலின் கீழ்வருவனவற்றை ஒரு நிலத்தில் ஒருமுறை கண்ட பட்டறிவாகவே கொள்ள வேண்டும்.

கண்டவை

முதலாவது, ஆழம். மணலில் தட்டையாகக் கிடந்த காலணாவை ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் வரை கருவி ஐயமின்றிக் காட்டியது. செம்மண்ணில் அவ்வாழம் கணிசமாகக் குறைந்தது. மண்ணில் உள்ள இரும்புத்தாது தானே ஒரு மறுமொழியை எழுப்புவதால், கருவியை அந்நிலத்திற்கேற்பச் சமன்செய்த பின்னரும் காசின் குரல் மங்கியே ஒலித்தது. தம்பிடியும் செப்புச் சதுரமும் அதனினும் குறைந்த ஆழத்திலேயே அகப்பட்டன. ஈய வில்லைகளோ நான்கு விரல் ஆழத்தைத் தாண்டியதும் ஐயத்திற்குரியவையாயின. எந்தக் காசாயினும் செங்குத்தாகக் கிடந்தால் பாதிக்குப் பாதி தவறியது.

இரண்டாவது, கருவியின் திரை காட்டும் ஆழக் குறிப்பு. பெரிய காசின் அளவை மனத்திற்கொண்டு அது வகுக்கப்பட்டது. சிறு காசு மேலே கிடந்தாலும் அதன் மறுமொழி மெலிதாதலால் கருவி அதனை ஆழத்தில் இருப்பதாகக் காட்டுகிறது. நம் பழங்காசுகள் பெரும்பாலும் சிறியவை. இக்குறிப்பை நம்பித் தோண்டுபவர் மண்வெட்டியை ஆழமாக இறக்குவார்; காசு வெட்டுப்படும்.

மூன்றாவதே முதன்மையானது. கருவியின் அனுப்புசுருள் எழுப்பும் காந்தப்புலம் மண்ணுள் உள்ள உலோகத்தில் மின்சுழலைத் தூண்டுகிறது. அது திரும்பத் தரும் அலை காலத்தால் எவ்வளவு பின்தங்குகிறது என்பதைக் கொண்டே கருவி உலோகத்தை இனம் பிரிக்கிறது. இப்பின்னடைவு உலோகத்தின் வகையை மட்டுமன்றி அதன் வடிவையும் பருமனையும் பொறுத்தது. ஆதலால் ஈய வில்லையும் மாத்திரை அட்டையும் ஒரே எண் வரிசையில் விழுந்தன. ‘குப்பை வேண்டாம்’ என்று கருவிக்குக் கட்டளையிட்டதும் சோடா மூடிகள் சில மறைந்தன. உடன் ஈய வில்லைகளும் மறைந்தன. செங்கம் வட்டாரத்து ஆண்டிப்பட்டியில் கிடைத்தவை போன்ற எழுத்துப் பொறித்த ஈயக் காசுகள் இவ்வாறு அமைக்கப்பட்ட கருவிக்கு எட்டாமலே போகக்கூடும். இரும்பை விலக்கும் அமைப்போ இன்னும் தீங்கானது. கொடுமணல் போன்று இரும்புருக்கிய ஊரில் இரும்பே வரலாறு. அங்கு இரும்பைக் குப்பையெனத் தள்ளிச் செம்பை மட்டும் தேடுவது ஆய்வாகாது.

ஆழமும் அடுக்கும்

மேற்கூறியவற்றுள் ஆழம் பற்றிய செய்தியே என் கருத்தை உருவாக்கியது. நடுத்தர விலைக் கருவி தெளிவாகக் காட்டும் ஆழம், கலப்பை கீறிப் புரட்டும் மேல்மண்ணின் ஆழத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. அம்மேல்மண்ணில் அடுக்கு முன்னரே கலைந்துவிட்டது. அங்குள்ள காசின் துல்லியமான இடத்தைக் குறித்துக்கொண்டு எடுத்தால் இழப்புச் சிறிது, பயன் பெரிது. அதற்குக் கீழே, கலையாத அடுக்கில், ஐயமான ஒலியைப் பின்தொடர்ந்து குழி தோண்டினால், ஒரு காசிற்காக ஒரு காலத்தின் தரையே துளைபடும். ஆகவே கருவி நல்லதா தீயதா என்று வினவுவதில் பொருளில்லை. அது எந்த மண்ணில் இயங்குகிறது, ஒலி கேட்டபின் கை என்ன செய்கிறது என்பனவே வினாக்கள்.

பிறநாட்டுப் பட்டறிவும் இதனையே காட்டுகிறது. அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1983இல் புல்வெளி தீப்பற்றி எரிந்த பின், 1984இல் டக்ளஸ் ஸ்காட் முதலிய ஆய்வாளர்கள் இக்கருவியை ஒழுங்குமுறையாகப் பயன்படுத்தினர். தோட்டாக்களின் இடத்தை ஒவ்வொன்றாகக் குறித்து, 1876இல் நிகழ்ந்த போரின் போக்கையே மீட்டுரைத்தனர். செருமனியில் கால்க்ரீசு என்னுமிடத்தில் 1987இல் டோனி கிளன் என்பவர் தொல்லியலாளரின் இசைவோடு தேடி உரோமானிய வெள்ளிக்காசுகளைக் கண்டார். இடத்தையும் உடனே தெரிவித்தார். அங்குக் கிடைத்த காசுகளுள் பொ.ஆ. 9க்குப் பிற்பட்டது இல்லை என்பது, வாரஸின் படைகள் அழிந்த களம் அதுவே எனக் கருதுவதற்குத் தலையாய சான்றாயிற்று. இங்கிலாந்தில் ஹாக்சன் என்னும் ஊரில் 1992இல் தொலைந்த சுத்தியலைத் தேடிய எரிக் லாஸ் என்பவர், காசுகள் வெளிப்படத் தொடங்கியதும் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் கொடுத்தார். அதனால் ஏறத்தாழ 15,000 காசுகளும் அவற்றை வைத்திருந்த பெட்டியின் சுவடுகளும் ஆய்வாளர் கைகளாலேயே அகழப்பட்டன. இம்மூன்று நிகழ்விலும் பெருமை கருவிக்குரியதன்று. இடத்தைக் குறித்த குறிப்பிற்கும், நிறுத்தத் தெரிந்த கைக்கும் உரியது.

சட்டம் கேட்பதும் நாம் கேளாததும்

நம் நாட்டுப் புதையல் சட்டம் 1878இல் இயற்றப்பட்டது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவி ஒன்றை 1881இல் பயன்படுத்தியதற்கு மூன்றாண்டு முற்பட்டது அது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துவழி அறிவிக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். அவ்வறிவிப்பில் பொருளின் தன்மையோடு, கண்ட இடமும் கண்ட நாளும் கூறப்பட வேண்டும் என்றும் விதிக்கிறது. சொந்த நிலம் என்பது இதற்கு விலக்காகாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டிற்குக் குறையாத காசுகளையும் தொல்பொருளாகக் கொள்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கப்பட்ட இடங்களில் இசைவின்றித் தோண்டுவதைத் தடுக்கிறது.

இங்கு நாணத்தக்க செய்தி ஒன்றுண்டு. இடமும் நாளும் வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டதை இன்றைய காசியல் கட்டுரைகள் பலவற்றில் நாம் கேட்பதில்லை. எடை, அளவு, முன்புறம், பின்புறம், எழுத்து ஆகிய அனைத்தும் செம்மையாகத் தரப்படுகின்றன. ‘கரூரில் கிடைத்தது’ என்னும் ஒற்றைத் தொடரோடு இடம் முடிந்துவிடுகிறது. கரூரில் கிடைத்ததா, கரூர் வணிகரிடம் கிடைத்ததா என்பதுகூடப் பல நேரங்களில் விளங்குவதில்லை.

என் பரிந்துரைகள்

ஒன்று: இசைவு பெற்ற அகழாய்வுகளில் இக்கருவியைச் சல்லடைக்குத் துணையாகச் சேர்க்க வேண்டும். ஓர் அடுக்கிலிருந்து அகற்றிய மண்ணைக் கொட்டும் முன், அடுக்கு எண்ணோடு தனியே பரப்பிச் சோதித்தால், கட்டியான மண்ணுள் ஒளிந்து சல்லடைக்குத் தப்பும் சிறு காசுகள் பல மீளும். இதனால் எந்த அடுக்கும் கெடுவதில்லை.

இரண்டு: உழுத நிலத்தில் இசைவோடு செய்யும் மேற்பரப்பாய்வில், இன விலக்கம் எதுவுமின்றி எல்லா ஒலியையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். மேல்மண்ணிற்குக் கீழே ஒலி கேட்டால் குறித்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

மூன்று: காசியலைப் பாடமாகப் பயிலும் மாணவர்க்கு, மேற்கூறியது போன்ற பயிற்சிப் பாத்தி ஒன்றைத் துறைதோறும் அமைக்கலாம். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. கருவி எங்கெல்லாம் பொய் சொல்லும் என்பதைத் தன் காதால் கேட்டறிந்த மாணவர் அதனைக் களத்தில் கண்மூடி நம்பமாட்டார்.

நான்கு: காசு பற்றிய கட்டுரையில் கண்ட இடம், கண்ட நாள், கைமாறிய வழி ஆகிய மூன்றையும் கேட்பதை ஆய்விதழ்கள் நெறியாகக் கொள்ள வேண்டும். தெரியாவிடில் ‘தெரியவில்லை’ என்று எழுதுவது இழுக்கன்று. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதி, அதன்மீது மன்னர் வரிசையை எழுப்புவதே இழுக்கு.

இடம் கேட்கத் தொடங்கினால் சேகரிப்பாளர்கள் காசுகளைக் காட்டவே அஞ்சுவர் என்னும் மறுப்பு எழலாம். அம்மறுப்பில் உண்மை உண்டு. அதனால்தான் முன்னரே சேகரத்தில் உள்ளவற்றிற்குத் ‘தெரியவில்லை’ என்னும் சொல்லை ஏற்க வேண்டும் என்கிறேன். இனிக் கிடைப்பவற்றிற்கு அச்சலுகை வேண்டா.

நிறைவாக

சோதனையின் இறுதி நாளில், நாங்கள் புதைக்காத ஓரிடத்தில் கருவி தெளிவாக ஒலித்தது. மாணவர் என்னைப் பார்த்தார். அவர் கையில் கொத்துக் கரண்டி இருந்தது. அது பழைய ஏர்க்கொழுவின் துண்டாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். இடத்தை அளந்து, நாளோடு குறிப்பேட்டில் எழுதினோம். தோண்டவில்லை. மாணவர்க்கு அது ஏமாற்றமே. ஆயினும் பத்து நாள் பயிற்சியில் அவர் கற்றவற்றுள் அதுவே பயனுடையது என்பது என் துணிபு. அப்பயிற்சியைத் தரும் அளவிற்கு நம் துறைகள் முன்வருமாயின் இக்கருவியை வாங்குவதில் தடையில்லை. தர இயலாதெனின் வாங்காதிருத்தலே நன்று.