பிள்ளை மணக்கத்தான் வேண்டுமா?



போன மாதம் எங்கள் ஸ்டாஃப்ரூமிலிருந்து நான்கு பேர் ஒரு பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போயிருந்தோம். ஐந்தாறு வருடங்களுக்கு முன் எங்களிடம் ஓ.எல். படித்தவள். இப்போது அவளுடைய மடியில் 35 நாள் குழந்தை. எங்கள் கையில் வழமையான பேபி கிஃப்ட் பெக்: பௌடர், கொலோன், சோப், கிரீம்.

வாசலிலேயே வாசனை வந்து வரவேற்றது. அன்று பின்னேரம் மாமி வீட்டார் வருகிறார்களாம். அதனால் பிள்ளையைக் குளிப்பாட்டி, கழுத்து மடிப்பெல்லாம் பௌடர் கொட்டி, சட்டையில் கொலோன் தெளித்து வைத்திருந்தார்கள். முகத்தைப் பார்த்தோம். இரண்டு கன்னமும் சிவந்து, தோல் எண்ணெய்த் தாள் மாதிரி மெல்லிசாகப் பளபளத்தது. என்ன பூசினாய் என்று கேட்டோம். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு டியூப்பை எடுத்தாள். சாச்சி தன் காலில் வந்த படைக்கு பாமசியில் வாங்கிப் பூசியதில் மிச்சம்.

“இதப் பூசினா மறையுது டீச்சர், விட்டா திரும்ப வருது.”

மூன்று கிழமையாகப் பூசியிருக்கிறாள். டியூப்பில் இருந்த பெயர் குளோபெட்டசோல். தோலில் பூசும் ஸ்டெரொயிட்களில் ஆகப் பலமான வகை அது. பெரியவர்களுக்கே தொடர்ந்து இரண்டு கிழமைக்கு மேல் பூசக் கூடாது என்பார்கள். அதைத்தான் ஒரு பச்சைப் பிள்ளையின் கன்னத்தில் தேய்த்திருக்கிறோம்.

ஆம், தேய்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. குற்றவாளிகள் நாங்கள். பார்க்கப் போகிறவர்கள்.

யோசித்துப் பாருங்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குள் கால் வைத்ததும் நாங்கள் கேட்பது என்ன? “புள்ள வெள்ளையா?” அடுத்தது, “இதென்ன முகத்துல, கரப்பானா?” மூன்றாவது, தூக்கி மோந்து பார்ப்பது. நல்ல மணம் வந்தால் உம்மா சுத்தக்காரி. பால் வாசனையோ வாந்தி வாசனையோ வந்தால் அவள் சோம்பேறி. இந்த மூன்று கேள்விக்கும் பயந்துதான் அந்த டியூப் தலையணைக்கு அடியில் வந்தது. இரண்டாவது கிழமையில் முகத்தில் வந்தது சாதாரணக் குழந்தைப் பருவாகத்தான் இருந்திருக்கும் என்று பிறகு தோல் வைத்தியர் சொன்னாராம். சும்மா விட்டிருந்தால் சில கிழமைகளில் தானாகப் போயிருக்கும். சும்மா விட நாங்கள்தான் விடவில்லை.

பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் வரும் சிவப்புத் திட்டும் அப்படித்தான். பார்க்கப் பூச்சி கடித்த மாதிரி இருக்கும். நிறை மாதத்தில் பிறக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வரும், மருந்தே இல்லாமல் போய்விடும். அதற்குள் எத்தனை பேர் எத்தனை கை வைத்தியம்!

கரப்பான் என்ற சொல் வந்துவிட்டால் எங்கள் ஊரில் விசாரணை உம்மாவின் பீங்கானில் தொடங்கும். நண்டு தின்டியா? இறால் தின்டியா? கத்தரிக்காய்? சூரை மீன்? இரவில் நான்கு தரம் எழும்பிப் பால் கொடுக்கிறவளின் சாப்பாட்டை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டே வருவோம். கடைசியில் அவளுக்கு மிஞ்சுவது சோறும் மிளகு ரசமும். ஆனால் நாங்கள் கொண்டு போன பெக்கில் இருக்கும் வாசனைத் திரவியத்தை யாரும் விசாரிப்பதில்லை. தோல் எரிச்சலுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

பிறந்த பிள்ளையின் தோலின் மேல்படை எங்களுடையதை விட ஏறத்தாழ 30 வீதம் மெல்லியது. நிறையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்போ எங்களை விட இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் பூசுவது மேலேயே நின்றுவிடாது, உள்ளே போகும். தோலைக் காக்கும் மெல்லிய அமிலத் தன்மைகூடப் பிறந்து சில கிழமைகளில்தான் மெல்ல மெல்ல உருவாகிறது. விஞ்ஞான பாடத்தில் சிவப்புப் பாசிச்சாயத்தாளைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து, பாருங்கள் பிள்ளைகளே, நீலமாகிவிட்டது என்று காட்டுகிறவர்கள் நாங்கள்தான். வீட்டுக்குப் போனதும் அதே சவர்க்காரத்தைப் பிள்ளையில் காலையும் மாலையும் தேய்க்கச் சொல்கிறவர்களும் நாங்கள்தான். படித்தது பரீட்சைக்கு மட்டும்.

ஓடிகொலோன் விஷயத்தில் எங்களுக்கே சிரிப்பு வருகிறது. டொஃபி வாங்கினால் உறையைத் திருப்பித் திருப்பி ஜெலட்டின் இருக்கிறதா என்று பார்க்கும் சமூகம் நாங்கள். கொலோன் போத்தலில் தண்ணீரைத் தவிர்த்தால் பெரும்பகுதி மதுசாரம்தான். ஃபத்வா கொடுக்க வரவில்லை, அது ஆலிம்களின் வேலை. அந்த மதுசாரம் மெல்லிய தோலை உலர்த்தும், எரிக்கும் என்பதை மட்டும் சொல்கிறோம். அதிலும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், எங்கள் உதடே வெடிக்கும்போது!

பௌடருக்கு வேறு கதை. அந்தத் தூசு பிள்ளையின் மூச்சோடு சுவாசப்பைக்குப் போகும், வியர்வையோடு சேர்ந்து மடிப்புகளில் களியாகி உரசும். உலகமெல்லாம் பேபி பௌடர் விற்ற ஜோன்சன் அண்ட் ஜோன்சன் கம்பனியே வழக்குகளுக்குப் பிறகு டெல்க் கலந்த பேபி பௌடரை 2023உடன் நிறுத்துவதாக அறிவித்தது. நாங்கள் இன்னும் கழுத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறோம். சுர்மாவும் அப்படியே. கடையில் கிடைக்கும் சுர்மாக்கள் பலவற்றில் ஈயம் இருக்கிறது. ஈயம் பிள்ளையின் மூளைக்குக் கேடு. கண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அதைத் தீட்டுவதா?

“எங்கட உம்மாமார் இப்பிடித்தான் வளர்த்தாங்க, நாங்க என்ன செத்தா போனோம்?” என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: எங்கள் மூத்தம்மாமாரின் வீட்டில் என்ன இருந்தது? கிணற்றுத் தண்ணீர், வீட்டில் காய்ச்சிய தேங்காய் எண்ணெய், துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போன பழைய சாரன் துண்டு. அந்தச் சாரன் துண்டை விட மெல்லிய துணியை இன்றைக்கும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. குளோபெட்டசோல் டியூப் அவர்களிடம் இருக்கவில்லை. எல்லாவற்றிலும் அவர்கள் சரி என்று சொல்ல வரவில்லை. பிறந்த பிள்ளையின் மேலிருக்கும் வெள்ளைப் படிவைக் கடலைமா போட்டு உரசி எடுத்தது பிழைதான். அது தோலுக்குப் பாதுகாப்பு. முதல் குளிப்பாட்டலை 24 மணித்தியாலமாவது பிற்போடச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது.

குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வருகிறார், ஒரு சதம் வாங்காமல். இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும், குளிப்பாட்டல் நீள வேண்டாம், மடிப்புகளை ஒற்றித் துடையுங்கள் என்பார். பம்பர்ஸை அடிக்கடி மாற்றுங்கள், கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள், சிவந்திருந்தால் வாசனையில்லாத வஸ்லின் போதும் என்பார். அவர் கேற்றைத் தாண்டியதும் நாங்கள் உள்ளே போய், அவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க, நீ பௌடரப் போடு என்கிறோம். இருபது வயதுப் பிள்ளை யாருடைய பேச்சைக் கேட்பாள்?

இதை வாசிக்கும் உம்மாமாரே, பிள்ளைக்கு ஏதாவது டியூப் பூசிக்கொண்டிருந்தால் பதறி உடனே நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். டியூப்பையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். ஸ்டெரொயிட் என்றாலே நஞ்சில்லை. பலம் குறைந்ததை, அளவாக, சில நாளுக்கு வைத்தியரே எழுதித் தருவார். எது, எவ்வளவு என்பதைச் சாச்சி தீர்மானிப்பதுதான் பிரச்சினை. இன்னொன்று: ஒரு மாதம் நிரம்பாத பிள்ளைக்குக் காய்ச்சல், சீழ்க் கொப்புளம், பால் குடிக்க மறுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிவையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு.

அந்தப் பிள்ளையின் கன்னம் மெல்ல ஆறி வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். நாங்கள் கொண்டுபோன பெக் பிரிக்கப்படாமல் அலுமாரியில் இருக்கிறதாம். அடுத்த கிழமை இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. இம்முறை ஸ்டாஃப்ரூமில் காசு சேர்த்தாயிற்று. பிள்ளைக்கு ஒரு டசின் பருத்தித் துணி, உம்மாவுக்கு ஒரு கிலோ இறால்.