அவர் சொல்லத் தயங்கும் விஷயம்

இந்த முறை கொஞ்சம் கூச்சமான சமாசாரம். மாமியார் கையில் பத்திரிகை கிடைத்துவிடுமே என்று பக்கத்தை மடித்து வைக்காதீர்கள். அவர்களும் படிக்கட்டும், மகனின் நெஞ்சைப் பற்றியதுதான்.

தூத்துக்குடியில் என்னிடம் வரும் பெண்கள் முட்டுவலி, அசதி என்றுதான் ஆரம்பிப்பார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை போய், திரும்பி வந்து மெதுவாகச் சொல்வதுதான் வந்த காரணமாக இருக்கும். துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி அப்படித்தான் கேட்டார்: "ஒரு வருஷமா அவிய ஒதுங்கியே படுக்காவ, டாக்டரம்மா. வேற எங்கயும் சகவாசம் இருக்குமோன்னு பயமா இருக்கு."

கணவருக்கு வயது 48. சகவாசமெல்லாம் ஒன்றுமில்லை. விறைப்பு வரவில்லை, வெளியே சொல்ல வெட்கம். மாதம் ஒருநாள் லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரிடம் லேகியம் வாங்கி, பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அந்தப் பணத்துக்கு முழுப் பரிசோதனையே செய்திருக்கலாம்! வெறும் வயிற்றில் சர்க்கரை 212 இருந்தது. இதய மருத்துவரிடம் அனுப்பினேன். டிரெட்மில்லில் நடக்க வைத்துப் பார்த்ததில், இதயத்துக்குப் போகும் ரத்தம் குறைவு என்று தெரிந்தது. இத்தனைக்கும் நெஞ்சுவலி என்று அவர் ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? விறைப்பு என்பதே ரத்தம் பாய்ந்து நிறைவதுதான். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் 3, 4 மில்லிமீட்டர் அகலம். ஆணுறுப்புக்குப் போகிறவை 1, 2 மில்லிமீட்டர்தான். கொழுப்பு படிவது உடம்பு முழுக்க. சின்னக் குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இதய நோய் வெளிப்படுவதற்கு ஏறக்குறைய 2 முதல் 5 வருஷம் முன்பே இந்தக் குறை தலைகாட்டுவதுண்டு. சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுப்படுத்த, பீடி சிகரெட்டை விட, அவ்வளவு அவகாசம் கிடைக்கிறது!

எல்லாருக்கும் இதயக் கோளாறு என்று கலங்கிவிடாதீர்கள். திடீரென்று ஆரம்பித்து, காலையில் கண் விழிக்கும்போது மட்டும் விறைப்பு இயல்பாக இருந்தால், பெரும்பாலும் மனக்கவலைதான். சில பிரஷர் மாத்திரைகளாலும் வரும். அதற்காக நீங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டர் மாற்றித் தருவார். ஆனால் 40 வயதைத் தாண்டியவருக்கு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால், நெஞ்சைப் பார்த்தே ஆகவேண்டும்.

எங்கள் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. மூழ்குகிறவர் தன் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பாராம். அக்காள் தாலிக்காகவாவது கவனமாக இருப்பான் என்ற கணக்கு! இந்த விஷயத்தில் கயிறு உங்கள் கையில். "நீங்கல்லாம் ஒரு ஆம்பளையா" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், அப்புறம் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார். "எனக்கும் சர்க்கரை பார்க்கணும், சேர்ந்தே போயிட்டு வருவோம்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சர்க்கரையும் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

கடையில் கிடைக்கும் நீல மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில்டெனாஃபில் என்ற அந்த மருந்தை முதலில் சோதித்துப் பார்த்ததே நெஞ்சுவலிக்காகத்தான். 1998-இல் இந்தக் குறைக்கான மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் நல்ல மருந்துதான். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. நெஞ்சடைப்பு என்று 108-ஐக் கூப்பிட நேர்ந்தால், அவர் இந்த வகை மாத்திரை எதையாவது இரண்டு நாளுக்குள் போட்டாரா என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் மருமகன் நின்றாலும் சரி!

பெண்களுக்கு வரும் மாரடைப்பைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.