"பாதுகாப்புத் தரப்புத் தகவல்" என்றால் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

"பாதுகாப்புத் தரப்புத் தகவல்" என்று ஒரு வரி போட்டுவிட்டால் அதற்குமேல் விசாரிக்கத் தேவையில்லை என்று நம் ஊடகங்கள் நினைக்கின்றன. திருகோணமலை ஆக்களுக்கு இது புதிதா? 2006 ஜனவரி 2, நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் செத்தார்கள். அவர்களே கொண்டுவந்த குண்டு வெடித்தது என்றது படைத்தரப்பு. சுடர் ஒளி நிருபர் சுகிர்தராஜன் போய்ப் படமெடுத்தார். துப்பாக்கிச் சூட்டுக் காயம் படத்தில் தெரிந்தது. அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் இந்த டவுனிலேயே சுட்டார்கள். சொன்னதை அப்படியே எழுதாமல் போய்ப் பார்த்தார், அவ்வளவுதான் அவர் செய்தது.

அது 'தமிழாக்களின் பிரச்சினை' என்று ஒதுங்கி இருந்தவர்களுக்கு 2019இல் விளங்கியது. மே 23 திவயின முன்பக்கத்தில், 4,000 சிங்களத் தாய்மாருக்கு ஒரு தௌஹீத் ஜமாஅத் டாக்டர் கருத்தடை செய்தாராம். உடனே குருநாகல் டாக்டர் ஷாபி கைது. ஆதாரம் இல்லை என்று சீஐடி அடுத்த மாதமே நீதிமன்றத்தில் சொன்னது. அதே மே மாதம் ஹசலகவில், சட்டையில் கப்பல் சுக்கான் படம் இருந்த ஒரு பெண்ணை 'தர்மச்சக்கரம்' என்று சொல்லிப் பிடித்தார்கள். (நம் துறைமுகப் பக்கத்துச் சின்னப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சுக்கான் என்று சொல்லியிருக்கும்!)

பாதுகாப்பு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் ஸஹ்ரானைப் பற்றி முஸ்லிம்களே முன்கூட்டி முறைப்பாடு கொடுத்தார்கள். இந்தியாவும் ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரித்தது. பார்க்க வேண்டியதைப் பார்க்காதவர்கள், பிறகு ஒரு கவிதைப் புத்தகத்தைப் பார்த்தார்கள். மன்னார் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' எழுதியதற்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகள் உள்ள புத்தகம் அது. தமிழ் வாசிக்கத் தெரிந்த எந்த நிருபரும் ஒரு பின்னேரத்தில் வாசித்து முடித்திருக்கலாம். 2021 டிசம்பரில்தான் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை.

சிவில் உடையில் வந்து பள்ளிவாசலிலும் மத்ரஸாவிலும் பெயர் விபரம் கேட்டுப் போகிறார்களே, எந்தச் சட்டத்தின் கீழ் என்று ஒரு பத்திரிகையாவது கேட்டு எழுதியதா? கைதானால் மட்டும் முன்பக்கம்.

நம் குரூப் அட்மின்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கைது செய்தியை நிமிசத்தில் ஃபோர்வர்ட் பண்ணினீர்கள். அஹ்னாப் விடுதலையான செய்தியை எத்தனை பேர் போட்டீர்கள்? இப்போதே மேலே ஸ்க்ரோல் பண்ணித் தேடிப் பாருங்கள்.