வாள்வீச்சு போதும், சம்பளக் கணக்கை எழுதுங்கள்

அகஸ்டஸ் காலத்து ரோமானிய லீஜன் வீரனுக்கு ஆண்டுச் சம்பளம் 225 தினாரியஸ் வெள்ளிக் காசு. சாப்பாடு, துணி, ஆயுதம் எல்லாவற்றுக்கும் அதிலேயே பிடித்தம். இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றால் கைக்கு 3,000 தினாரியஸ் வரும், அதற்கென்றே கி.பி. 6-இல் தனிக் கருவூலம் திறந்தார் அகஸ்டஸ். பணியில் இருக்கும்வரை சட்டப்படி கல்யாணம் கூடாது. பிரிட்டனின் விண்டோலாண்டா கோட்டையில் 1973 முதல் கிடைத்துவரும் மை எழுத்து மரப்பலகைகளில், காலுறையும் உள்ளாடையும் அனுப்பிய செய்தி இருக்கிறது. பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்கும் கடிதமும் இருக்கிறது.

ரோமானிய வீரனை வைத்துக் கதை எழுதுகிறவருக்கு இவ்வளவு சரக்கு. சோழ வீரனை வைத்து எழுதுகிறவருக்கு?

தமிழில் சரித்திர நாவலுக்குப் பஞ்சமில்லை. தி. நகர் பதிப்பகங்களில் கல்கியும் சாண்டில்யனும் இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். ‘யவன ராணி’யில் சாண்டில்யன் மேற்கத்திய தளபதிகளையே பூம்புகாருக்கு அழைத்து வந்தார். ஆதாரம் இல்லாத கற்பனை என்று அதைத் தள்ளிவிட முடியாது. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காப்பவர்கள் யவனர்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாயிலில் நிற்பவர்களும் அவர்களே. ரோமானிய வீரன் சம்பளமாக வாங்கிய அதே வகை வெள்ளிக் காசு, அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறித்தது, கோவை, கரூர் பக்கம் புதையலாகக் கிடைத்திருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயச் சேகரிப்பிலும் ரோமானியக் காசுகள் உண்டு.

இருந்தும் நம் கதைகளில் படைவீரன் என்பவன் கூட்டத்தில் ஒருவன். இளவரசன் குதிரையில் பாய்வதற்காக ஒதுங்கி வழிவிடுகிறவன்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அவனை அப்படிக் காட்டவில்லை. ஹூல்ஷ் பதிப்பித்த அந்தச் சாசனங்களில் படைப்பிரிவுகள் பெயர் பெயராக வருகின்றன: பண்டித சோழத் தெரிந்த வில்லிகள், நிகரிலிச் சோழத் தெரிந்த உடனிலைக் குதிரைச் சேவகர், மும்மடிச் சோழத் தெரிந்த ஆனைப்பாகர், இளைய ராஜராஜத் தெரிந்த வலங்கை வேளைக்காரர். இந்தப் படைகளில் சில, கோயில் பணத்தை வாங்கி வட்டி கட்டின. சில, சிறு சன்னிதிகளின் செலவைப் பொறுப்பேற்றன. வில் பிடித்த கை வட்டிக் கணக்கும் பார்த்திருக்கிறது. ஒரு வருஷம் வட்டி கட்ட முடியாமல் போனால் அந்தப் படைக்குள் என்ன பேச்சு நடந்திருக்கும்? ஒரு நாவலுக்கு இது போதாதா?

சோழருக்கு முந்திய வீரனும் கல்லில் இருக்கிறான். இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ நூலைப் புரட்டினால், எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டில், யாருடைய சேவகன், எந்த மாடு கவரும் சண்டையில் செத்தான் என்று ஊர் பேரோடு கிடைக்கிறது.

வாரப் பத்திரிகைத் தொடருக்குச் சம்பளமும் வட்டியும் சுவைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. மூன்றரை ஆண்டு ‘பொன்னியின் செல்வ’னை வாராவாரம் ஓட்டிய கல்கியே அதற்குப் பதில். அவர் ஓவியர் மணியத்துடன் இலங்கை வரை போய் இடங்களைப் பார்த்து வந்தவர். வேளைக்காரப் படையைக் கதைக்குள் கொண்டுவந்தவர். அவர் தொட்ட இடத்திலிருந்து பின்னால் வந்தவர்கள் நகரவில்லை. சுரங்கப்பாதையையும் சதியையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த முல்லைப்பாட்டு அடங்கிய பத்துப்பாட்டை உ.வே.சா. அச்சேற்றியது 1889-இல். அவர் திரட்டிய ஏடுகள் பெசன்ட் நகர் நூலகத்தில் இருக்கின்றன. பழைய தமிழ் அச்சு நூல்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து இரண்டும் பஸ் தூரம்தான். அடுத்த சோழ நாவலைத் தொடங்கப்போகிறவர்கள், முதல் அத்தியாயத்தில் குதிரையைக் கிளப்புவதற்கு முன் அங்கே ஒரு நடை போய்வரட்டும்.