எத்தனை பெற்றோரின் பிள்ளைகள்?

தென் கலிஃபோர்னியாவின் மஞ்சள்கால் மலைத் தவளை இன்று சான் கேப்ரியல், சான் பெர்னார்டினோ, சான் ஜசின்டோ மலைகளின் சில ஓடைகளில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. 2002இல் அமெரிக்க அரசு அதை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது. காட்டில் வாழும் முதிர்ந்த தவளைகள் 200கூடத் தேறாது என்ற நிலையில், காப்பகத்தில் பெருக்கி ஓடைகளில் விடுகிறார்கள். விடப்பட்ட தலைப்பிரட்டைகளின் எண்ணிக்கையே செய்தியாகிறது. ஆனால் ஒரே இணையின் முட்டைகளிலிருந்து ஆயிரம் குஞ்சுகள் வந்தாலும், அவற்றிடம் இருப்பது இரண்டு தவளைகளின் மரபணுச் சொத்துதான்.

இந்தக் கவலைக்கு ஆதாரம் உண்டு. 2011இல் வெளியான ஆய்வு, எஞ்சியிருந்த ஒன்பது கூட்டங்களின் மரபணுக்களை ஒப்பிட்டது. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் வேறுபாடு மிகக் குறைவு. மலைக்கு மலையோ பனியுகக் காலத்திலேயே பிரிந்துபோன தனித்தனி வழித்தோன்றல்கள். சான் டியகோ காப்பகத்தில் வளர்க்கப்பட்ட கூட்டம் சான் ஜசின்டோவின் ஒரே ஓடையிலிருந்து வந்தது. தாய்க்கூட்டத்தில் இருந்த பன்மைகூட அதில் முழுமையாக இல்லை, இனப்பெருக்கத்துக்கு இன்னும் தவளைகள் தேவைப்படலாம் என்று அந்த ஆய்வே சொன்னது. காப்பகத்தின் வெற்றியை அளக்க, எத்தனை பெற்றோரின் வாரிசுகள் ஓடையில் பிழைத்துப் பெருகின என்ற கணக்குதான் வேண்டும்.

தவளைகளைக் கொல்வது கைட்ரிட் பூஞ்சையும், தலைப்பிரட்டைகளை விழுங்கும் ட்ரவுட் மீனும்தானே, மரபணு ஆராய்ச்சி அப்புறம் ஆகட்டும் என்பார்கள். மீனை அகற்றுவது அவசரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பூஞ்சையை ஓடையிலிருந்து துடைத்தெடுக்க வழியில்லை. தவளைதான் அதைத் தாங்கிப் பழக வேண்டும். யோசெமிட்டியில் இதன் நெருங்கிய உறவான சியரா நெவாடா தவளை, பூஞ்சை இருக்கும்போதே, இருபது ஆண்டுகளில் ஏழு மடங்கு பெருகியது. ஏரிகளில் மீன் விடுவது நின்றதும், நோயைத் தாங்கும் திறன் கூடியதும் அதற்குக் காரணங்கள். தாங்கும் திறன் தலைமுறைதோறும் கூட வேண்டுமானால், இயற்கை தேர்ந்தெடுக்க வேறுபாடுகள் இருந்தாக வேண்டும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்றால், ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும்.

அப்படியானால் மூன்று மலைத் தவளைகளையும் கலந்துவிடலாமே? ஃப்ளோரிடா பூமாவுக்கு 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் விலங்குகளைக் கொண்டுவந்தது பலித்ததே? வலுவான கேள்வி. ஆனால் அங்கே வளைந்த வால், இறங்காத விரைகள் என்று உள்ளினச்சேர்க்கையின் கேடு கண்கூடாகத் தெரிந்தது. அந்த இரு கூட்டங்களும் முன்பு தொடர்பிலிருந்தவை. நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்த தவளைகளிடம் அந்தத் துணிச்சல் கூடாது. முதலில் அந்தந்த மலையின் ஓடைகளிலிருந்தே புதிய பெற்றோரைச் சேர்க்கலாம். அதுவும் போதாதபோது, மலை தாண்டிய கலப்பைக் காப்பகத் தொட்டியில் இரண்டு தலைமுறையாவது வளர்த்துப் பார்க்க வேண்டும். காட்டில் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க முடியாது.