வரி கட்டுகிறோம், கணக்கும் கேட்போம்

“எதிர்க்கட்சிக்கு வாக்குப் போட்டால் ஊருக்கு என்ன கிடைக்கும்?” டோர்செட் பார்க்கிலும் அதைச் சுற்றியுள்ள ஸ்காபரோத் தமிழர்களிடையிலும் தேர்தல் வரும்போதெல்லாம் எழும் கேள்வி இது. ஆளுங்கட்சிக்காரரால்தான் காரியம் ஆகும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதைக் கைவிட வேண்டிய காலம் வந்துவிட்டது. நாம் கட்டும் வரிக்குக் கணக்குக் கேட்பதே ஒரு மக்கள் பிரதிநிதியின் முதல் வேலை. ஒன்ராறியோவில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்து வந்திருப்பவர்கள் எதிர்க்கட்சி வரிசையில் இருப்பவர்களே.

கென்னடி வீதியில் கொத்துரொட்டி வாங்கினாலும் கையில் வரும் ரசீதில் 13 வீத விற்பனை வரி இருக்கிறது. அதில் 8 வீதம் மாகாணத்துக்குப் போகிறது. 2025 தொடக்கத்தில் மாகாண அரசு வரித்தாக்கல் செய்த ஒவ்வொருவருக்கும் 200 டொலர் காசோலை அனுப்பியது. பிள்ளைகளுக்கும் தலைக்கு 200 டொலர் கொடுத்தது. வரிக்குரிய பொருள்களை 2,500 டொலருக்கு வாங்கினால் மாகாணத்துக்கு நாம் கட்டும் வரி அதே 200 டொலர்தான். நம் பணமே நமக்குத் திரும்பி வந்தது. காசோலைகள் வீடு வந்து சேர்ந்த கையோடு, பெப்ரவரி 27 அன்று தேர்தலும் வந்தது.

விலைவாசி ஏறிய நேரத்தில் மக்களின் சுமையைக் குறைக்கவே கொடுத்தோம் என்றது அரசு. சுமை உண்மை, அதை மறுக்க முடியாது. ஆனால் கோடீஸ்வரருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் ஒரே தொகையைக் கொடுப்பது எப்படிச் சுமை குறைப்பாகும்? இதற்குச் செலவான ஏறத்தாழ 3 பில்லியன் டொலரைக் குடும்ப மருத்துவர் இல்லாமல் தவிக்கும் 2.5 மில்லியன் மக்களுக்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்று எதிர்க்கட்சிகள் வாதிட்டன. அந்த வாதம் நியாயமானது. 2022 தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு வாகன இலக்கத்தகட்டு ஒட்டிக் கட்டணம் நீக்கப்பட்டதும் இதே வகைதான். அதனால் மாகாணம் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு பில்லியன் டொலர் வருமானத்தை இழக்கிறது.

கணக்குக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பசுமை வளைய விவகாரமே சான்று. 2022 நவம்பரில் பாதுகாக்கப்பட்ட நிலத்தில் 7,400 ஏக்கரை வீடு கட்டுவதற்காகத் திறந்துவிட அரசு முடிவெடுத்தது. புதிய ஜனநாயகக் கட்சியின் மரிட் ஸ்டைல்ஸ் அடுத்த மாதமே நேர்மை ஆணையரிடம் முறையிட்டார். மூன்று எதிர்க்கட்சிகளின் தலைவர்களும் சேர்ந்து கணக்காய்வாளர் நாயகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். 2023 ஆகஸ்டில் வெளிவந்த கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை, ஒரு விருந்தில் கட்டட நிறுவனத்தார் இருவர் வீடமைப்பு அமைச்சரின் தலைமை அலுவலரிடம் தகவல் அடங்கிய பொதிகளைக் கையளித்ததைச் சொன்னது. நில உரிமையாளர்களுக்கு 8 பில்லியன் டொலருக்கு மேல் ஆதாயம் கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டது. அமைச்சர் ஸ்டீவ் கிளார்க் பதவி விலகினார். செப்டெம்பர் 21 அன்று முதல்வர் டக் ஃபோர்ட் மன்னிப்புக் கேட்டு முடிவைத் திரும்பப் பெற்றார். அறுதிப் பெரும்பான்மை அரசைப் பின்வாங்க வைத்தது எதிர்க்கட்சிகளின் விடாப்பிடியும், சுதந்திரமான கணக்காய்வும், மக்களின் கோபமும்தான்.

மாகாணத்தின் நிதிப் பொறுப்புடைமை அலுவலகமும் எதிர்க்கட்சி கேட்டுப் பெற்றதே. 2013-ல் சிறுபான்மை லிபரல் அரசின் வரவுசெலவுத் திட்டத்தை ஆதரிக்க புதிய ஜனநாயகக் கட்சியின் அன்றைய தலைவர் ஆன்ட்ரியா ஹோர்வத் வைத்த நிபந்தனைகளில் அதுவும் ஒன்று. அதே காலத்தில் லிபரல்கள் இரண்டு எரிவாயு மின்நிலையங்களைக் கைவிட்டு ஏறத்தாழ ஒரு பில்லியன் டொலரை வீணடித்ததை விடாமல் கேட்டவர்கள், அன்று எதிர்க்கட்சியாக இருந்த முற்போக்குப் பழமைவாதிகள். அவர்களே 2018-ல் ஆட்சிக்கு வந்ததும் சுற்றுச்சூழல் ஆணையர், சிறுவர் நலப் பரிந்துரையாளர் ஆகிய சுதந்திர அலுவலகங்களைக் கலைத்தார்கள். எந்தக் கட்சியானாலும் அதிகாரம் கைக்கு வந்ததும் கண்காணிப்பு கசக்கிறது. ஆகவே நாம் கட்சியைப் பார்த்து அல்ல, கேட்கப்படும் கேள்வியைப் பார்த்து ஆதரவு தர வேண்டும்.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி திறன் மேம்பாட்டு நிதியைப் பற்றியது. வேலைப் பயிற்சிக்கான அந்த நிதி, நம் பகுதித் தொழிலாளர்களுக்கு நேரடியாக உதவ வேண்டியது. அமைச்சர் அலுவலகம் தெரிவுசெய்தவற்றில் பாதிக்கு மேல், அரச அதிகாரிகளின் மதிப்பீட்டில் குறைந்த அல்லது நடுத்தரப் புள்ளி பெற்ற விண்ணப்பங்கள் என்று 2025 ஒக்டோபரில் கணக்காய்வாளர் நாயகம் ஷெலி ஸ்பென்ஸ் கண்டறிந்தார். நல்ல புள்ளி பெற்றும் நிதி கிடைக்காத நிறுவனங்களுக்கு யார் பதில் சொல்வது?

அமைச்சர் ஒருவர் அதிகாரிகளின் மதிப்பீட்டை மீறி நிதி ஒதுக்கினால், காரணத்தை எழுத்தில் வெளியிடும்படி சட்டம் வேண்டும். தேர்தலுக்கு முந்திய ஆறு மாதங்களில் பொதுப்பணத்தில் காசோலை அனுப்பத் தடை வேண்டும். எதிர்க்கட்சிக்கும் கடமை உண்டு: எந்த வரியைக் கூட்டுவார்கள், எதைக் குறைப்பார்கள், செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைத் தேர்தலுக்கு முன்பே சொல்ல வேண்டும். கணக்குக் கேட்பவர் தம் கணக்கையும் காட்ட வேண்டும்.

டோர்செட் பார்க் அடங்கிய ஸ்காபரோ மத்தியின் உறுப்பினர் டேவிட் ஸ்மித் ஆளுங்கட்சிக்காரர். சட்டமன்றத்தில் உள்ள தமிழ் உறுப்பினர்களான விஜய் தணிகாசலமும் லோகன் கணபதியும் அதே கட்சியினர். விழாக்களில் அவர்களுடன் நின்று படம் எடுப்பதோடு நம் உறவு முடியக்கூடாது. திறன் மேம்பாட்டு நிதி எந்த அடிப்படையில் வழங்கப்பட்டது என்று அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். வரும் பதிலை வைத்து உங்கள் அடுத்த வாக்கை முடிவு செய்யுங்கள்.